பதில் போடாத மூன்று மெயில்கள்

பொன்னமராவதியில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். சம்பள வேலை போக, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் இலவச மென்பொருள் ஒன்றை வெளிநாட்டுக்காரர்கள் சிலரோடு சேர்ந்து பராமரிக்கிறேன். பார்வையில்லாதவர்கள் பயன்படுத்துவது. எங்கள் பேச்சு முழுவதும் மெயில் குழுவில்தான். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் வந்து விழும். ஒரு காற்புள்ளிக்காக நான்கு நாள் சண்டை நடக்கும்.

தாங்க முடியாமல் ஒரு ஃபில்டர் போட்டேன். தெரிந்த பெயர்கள் மட்டும் கண்ணுக்கு வரும். மற்றதெல்லாம் தனி ஃபோல்டருக்குப் போய்விடும். நிம்மதியாக இருந்தது. குழுவில் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். மாதக்கணக்கில் அந்த ஃபோல்டரைத் திறக்கவில்லை.

பழைய விவாதம் ஒன்றைத் தேடிப்போனபோதுதான் அந்த மூன்று மெயில்களைப் பார்த்தேன். மணமேல்குடிப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை, பார்வையில்லாதவர், தமிழில் எழுதியிருந்தார். புதிய பதிப்பு ‘கொடு’ என்பதைக் ‘கெடு’ என்றும் ‘சொல்’ என்பதைச் ‘செல்’ என்றும் படிக்கிறது என்றது முதல் மெயில். இரண்டாவதில் பிழையாக ஒலிக்கும் சொற்களின் நீண்ட பட்டியல். மூன்றாவதில் ஒரே வரி: “யாராவது படிக்கிறீர்களா?”

அந்தக் குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ‘கொ’, ‘சொ’ போன்ற எழுத்துகளின் கடைசியில் வரும் துணைக்காலை விழுங்கியதும் நான் எழுதிய நிரல்தான்.

மெயிலின் அடியில் இருந்த எண்ணுக்கு அழைத்து, வரலாமா என்று கேட்டேன். சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். என்னை விடப் பத்து வயது மூத்தவராக இருப்பார்.

“வேணாம்னு ஒதுக்கிட்டீங்கன்னு நெனச்சேன் சார்,” என்றார்.

“ஒதுக்கலைங்க. நான் பாக்கவே இல்லை.”

“அது மட்டும் பரவால்லையா சார்?”

அவரே சொன்னார்: “வகுப்புல பாடத்த லேப்டாப்பு படிக்கும், நான் வெளக்கஞ் சொல்லுவேன். ‘தொழில்’னு வர்ற எடமெல்லாம் ‘தெழில்’னுச்சு. பிள்ளைங்க சிரிச்சாங்க. மறுநாளு அதே மாதிரி பேசிக் காட்டுனாங்க. அன்னிக்கு மூடி வச்சதுதான். இப்ப பக்கத்து கிளாஸ் டீச்சர் வந்து படிச்சுச் சொல்றாங்க. அவங்களும் எத்தன நாளைக்கு வருவாங்க?”

அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். அவர் அனுப்பிய பட்டியலை வரிசையாக ஓடவிட்டோம். தலையைச் சாய்த்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். இரண்டு சொற்கள் இன்னும் தப்பாக ஒலித்தன. மறுபடி திருத்தினேன்.

“இப்பச் சரியாச் சொல்லுது,” என்றார். குரலில் மகிழ்ச்சி இல்லை.

“பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போவீங்களாங்க?”

“பாக்குறேன் சார்.”

நடந்ததை மறைக்காமல் குழுவில் எழுதினேன். புதியவர்களின் மெயிலை முதலில் படிக்க மூன்று பேர் முறை வைத்துக்கொண்டோம். தமிழில் வருவது என் பொறுப்பு. அடுத்த பதிப்பில் திருத்தம் வெளியானது. அந்த ஆசிரியையிடமிருந்து பிறகு எதுவும் வரவில்லை. லேப்டாப்பை வகுப்புக்கு எடுத்துப் போகிறாரா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.