ஜக்கார்டு பெட்டியும் அரண்மனைத் திரையும்

மாற்றத்தைப் பற்றிப் பாடம் நடத்துவது சுலபம். அதை நடித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள், வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு அதுதான் உத்தியோகம். ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளர் சங்கங்களில் ஜக்கார்டு பெட்டி கொண்டுவர உத்தரவாகியிருந்தது. தறிக்கு மேலே உட்காருகிற பெட்டி அது. அட்டையில் குத்திய ஓட்டைகளின்படி நூலைத் தூக்கி, சேலையில் பூவும் மயிலும் விழ வைக்கும். பெட்டியைப் பொருத்த மெக்கானிக் இருந்தார். நெசவாளர்களைச் சம்மதிக்க வைக்கச் சங்க மேனேஜர்கள் இருந்தார்கள். அந்த மேனேஜர்களைத் தயார் செய்ய நான். சொற்பொழிவு ஆற்றினால் தூங்கினார்கள். அதனால் நிலைமைகளை எழுதி எடுத்துப் போனேன்: நெசவாளி பெட்டி வேண்டாம் என்கிறார், நீங்கள்தான் மேனேஜர், பேசிக் காட்டுங்கள். உங்கள் ஆபீசில் புதிதாக எதையாவது நுழைக்கும் பொறுப்பு எப்போதாவது உங்கள் தலையில் விழுந்திருந்தால், மேற்கொண்டு என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மைக்செட்

வகுப்பு நடக்கவிருந்த மாடிக் கூடத்தின் ஒரு மூலையை நெசவாளி வீடு மாதிரி அமைத்துத் தரும்படி முன்கூட்டியே எழுதியிருந்தேன். ஒரு தறிச் சட்டம், பாய், தண்ணீர்க் குடம் போதும். பஸ்ஸை விட்டு இறங்கி மாடியேறிப் போனால், மேடை போட்டு, பந்தல்காரரின் மைக்கில் யாரோ ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் தூண்களும் சிம்மாசனமும் வரைந்த பெரிய திரை தொங்கியது. ஏற்பாடு தேவசகாயம் என்ற இளம் மேனேஜர். சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுபவர். நடிப்பு என்ற ஒரு சொல்லை மட்டும் என் கடிதத்தில் படித்திருக்கிறார்.

"நெசவாளி வீடு கேட்டேனே சார்" என்றேன்.

"அந்த சீன் நாடக செட்டுக்காரங்ககிட்ட இல்லீங்க மேடம். தோட்டம் இருந்திச்சி, அரண்மனை இருந்திச்சி. அரண்மனைதான் நமக்குக் கொஞ்சம் கௌரவமா இருக்கும்னு எடுத்தாந்தேன்."

வேஷம்

நெசவாளியாக உட்கார ஒருவரும் எழுந்து வரவில்லை. எல்லாருக்கும் மேனேஜர் வேஷம்தான் வேண்டும். இருப்பதிலேயே மூத்தவர் ஸ்ரீபால் நயினார். வெள்ளை வேட்டி, மடித்த துண்டு, அளந்து பேசும் மனிதர். சமணர், இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் என் வகுப்பு நேரத்தை அவர்தான் நிர்ணயித்தார். அவர் ஒத்துக்கொண்டால் மற்றவர்களும் வருவார்கள் என்று அவரிடம் போய்க் கெஞ்சினேன்.

"நான் மேனேஜரா வேணா உக்கார்றேன்" என்றார்.

"நீங்க நிஜமாவே மேனேஜர்தானே சார்?"

"அதனாலதாங்க. பழக்கமான வேலையா இருக்குது பாருங்க."

அரை நிமிஷம்

ஒருவழியாக இரண்டு பேரை உட்கார வைத்தேன். காலை முழுவதும் நீளும் என்று நான் எழுதி வைத்திருந்த தகராறு அது. மேனேஜராக வந்தவர், "உன் தறிக்குப் பெட்டி வருதுப்பா" என்றார். நெசவாளியாக வந்தவர் "சரிங்க, சந்தோஷம்" என்றார். இருவரும் எழுந்து கும்பிட்டார்கள். வகுப்பே கை தட்டியது. டீ வந்துவிட்டதா என்று ஒருவர் எட்டிப் பார்த்தார்.

உங்கள் ஊரில் நெசவாளர்கள் இப்படித்தான் ஒத்துக்கொள்கிறார்களா என்று, குரலை உயர்த்தாமல், நெசவாளியாக நடித்தவரைக் கேட்டேன்.

"ஐய, அங்க ஒரே பேஜாரு மேடம், பெட்டின்னாலே அடிக்க வர்றாங்க. டிரெய்னிங்குல எதுக்கு வீணா சண்டைன்னுதான்."

நிஜ ஆள்

இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்று, பக்கத்துத் தெருவிலிருந்து கன்னியப்பன் என்ற நெசவாளியையே அழைத்து வந்தேன். வாயாடி என்று பெயர் வாங்கியவர். வந்து உட்கார்ந்ததும் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே மேனேஜராக நான் உட்கார வைத்திருந்த தேவசகாயம் நிஜமாகவே அவருடைய சங்கத்து மேனேஜர் என்பது எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. தறியில் நீளவாட்டில் கட்டும் பாவு நூல் ஏன் தாமதமாக வருகிறது, வந்த பட்டு ஏன் சிக்கலாக இருந்தது, தீபாவளிக்கு முன்னால் சங்கத்தை ஏன் பூட்டிக்கொண்டு போனீர்கள் என்று வரிசையாக ஆரம்பித்தார். தேவசகாயத்துக்கு வேர்த்துவிட்டது. நான் மேஜையைத் தட்டி, நடிப்பு முடிந்தது, நன்றி என்றேன். கன்னியப்பன் எழுந்திருக்கவில்லை.

"நீங்க முடிஞ்சிதுன்னுட்டீங்க. அவரு இன்னும் பதிலே சொல்லலியே மேடம்."

கோஷம்

மறுநாள் பாடம், வேலைநிறுத்தத்தைச் சமாளிப்பது. நேற்றுப் பட்ட அவமானமோ என்னவோ, தேவசகாயம் தாமாகவே முன்வந்து தொழிலாளர் தலைவரானார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அவர் கோஷம் போட மற்ற மேனேஜர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். வகுப்பு தொடங்கியதிலிருந்து அவர்கள் மனசார நடித்தது இது ஒன்றுதான். மைக் ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஸ்பீக்கரோ ஜன்னலுக்கு வெளியே ரோட்டைப் பார்த்து இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கிறது. வாசலில் கூட்டம் சேர்ந்தது. சிலர் எங்களுக்கு ஆதரவாகத் தரையில் உட்கார்ந்தே விட்டார்கள்.

கான்ஸ்டபிள் ஒருவர் சைக்கிளில் வந்து மாடியேறினார். மேனேஜர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் பயிற்சித் திட்டத்தை ஆதியிலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஸ்ட்ரைக் பண்ணிப் பழகறதுக்கு கவர்மெண்டே ஆள் அனுப்புதா? ஜனங்க தானாவே நல்லாத்தானே பண்ணிகினு இருந்திச்சிங்க."

கன்னியப்பன் வீடு

அரண்மனைக்கு முன்னால் எதுவும் நடக்காது என்று, கடைசி நாள் வகுப்பைக் கன்னியப்பன் வீட்டிலேயே வைத்தேன். ஐப்பசி மாதம், மேகம் கவிந்திருந்தது. தறிக் குழியில் நெசவாளியாக ஸ்ரீபால் நயினார்தான் உட்கார வேண்டும் என்று இந்த முறை நான் பிடிவாதமாக நின்றேன். துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு இறங்கி உட்கார்ந்தார். தேவசகாயம் என் தாளில் இருந்ததைச் சொன்னார்: "இந்த மாசத்துக்குள்ள பெட்டி ஏறியாகணும். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

ஸ்ரீபால் மேலே பார்த்தார். கூரையின் மூங்கில், நின்றால் தலையில் இடிக்கும் உயரம். பெட்டி ஏறவேண்டுமானால் கூரையைப் பிரித்து உயர்த்த வேண்டும். முன்னால் தறியில் பாதி நெய்த சேலை.

"மழை இறங்கிகினு வருது. கூரையப் பிரிச்சா இந்தப் பாவை எங்க கொண்டுபோய் வெப்பேன்?" என்றார்.

தேவசகாயம் தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஸ்ரீபால் குழியை விட்டு ஏறவில்லை. நெசவாளியாக இல்லாமல் தம்முடைய குரலில் பேசினார்.

"போன மழைக்கு இதே கேள்விய எங்க சங்கத்துல சுந்தரம்னு ஒருத்தன் கேட்டான். சமாளின்னு சொல்லி அனுப்பிட்டேன். பிரிச்ச கூரை பிரிச்சபடியே கெடந்து, செவுரு ஊறி விழுந்திச்சி. பாவு போச்சி. இப்ப களம்பூர் அரிசி மில்லுல மூட்டை தூக்கறான்."

அந்த வாரமே அவர் மேலிடத்துக்கு எழுதினார்: பொங்கலுக்கு முன்னால் என் சங்கத்தில் எந்தக் கூரையையும் பிரிக்க மாட்டேன். விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது. நகல் எனக்கும் வந்தது. எங்கள் அதிகாரி என்னை நிற்க வைத்தே கேட்டார்: "மேனேஜருங்க நெசவாளிய மாத்தணும்னுதானே உங்களை அனுப்பிச்சோம்? நீங்க மேனேஜரை மாத்திட்டு வந்து நிக்கறீங்களே." ஸ்ரீபால் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. தேவசகாயமும் அதேபோல ஒன்று எழுதி அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பொங்கல் கழிந்து, வெயில் ஏறின பிறகு, இரண்டு சங்கங்களிலும் பெட்டிகள் தகராறில்லாமல் ஏறின. கன்னியப்பன்கூட மெக்கானிக்கோடு மட்டும்தான் சண்டை போட்டாராம்.

கோடையில் ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீபால் நயினாரைப் பார்த்தேன். சுந்தரத்தைப் பற்றிக் கேட்டேன். களம்பூருக்கு நேரில் போய், பெட்டி வைத்த தறி தருகிறோம், வா என்று கூப்பிட்டிருக்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல், வரப்போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரமாட்டேன்னுட்டான் மேடம். மூட்டை தூக்கற எடத்துல யாரும் வந்து உன் நல்லதுக்குத்தான்னு சொல்றதில்லியாம், அது நிம்மதியா இருக்குதுன்றான்."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: தறியை மாற்றினால் மாலை போடுவார்கள், மேனேஜரை மாற்றினால் மெமோ கொடுப்பார்கள்.