ஒன்றுக்கு எட்டு

லேப் அக்காவின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் மட்டும் எனக்கு இன்னும் மனப்பாடம். "அமிலமும் நீரும் 1:8. கலவை மொத்தம் 72 லிட்டர். அமிலம் எவ்வளவு?" என்ற கேள்விக்குக் கீழே, கொஞ்சமும் தயங்காமல் 9 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். சரியான விடை 8.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் இருவரும் வேலை பார்த்தோம். அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், நான் அவிநாசிக்காரி. மதியம் டிபன் பாக்ஸை ஒதுக்கிவிட்டு குரூப் ஃபோர் தேர்வுக்குக் கணக்குப் போடுவோம். சாயத் தொட்டியில் ஒன்றுக்கு எட்டு என்றால் ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர். தண்ணீரை எட்டால் வகுத்தால் துணியின் எடை வந்துவிடும். துணியையும் தண்ணீரையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பத்து வருடப் பழக்கம். கேள்வித்தாளிலும் அக்காவின் கை அதே வழியில்தான் போயிற்று. மொத்தத்தை ஒன்பது பங்காக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"விகிதத்துல மட்டும் எனக்குப் பயமே இல்லட்டி. இதத்தான தெனமும் செய்யுதோம்" என்பார். "இந்த ஒரு தடவதான் எழுதணும்னு வீட்ல சொல்லிட்டாவ" என்றும் சொல்வார்.

ஒரு வாக்கியம் போதும், திருத்தியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு கேள்வியில் ரேங்க் எங்கேயோ போய்விடும் என்று பயிற்சி மையத்தில் சொல்லிச் சொல்லி, தெரிந்தவர்கள் எல்லாரும் வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்களாகத் தெரிந்த காலம் அது. இதைவிடக் கௌரவமான காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

தேர்வு முடிந்ததும் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுக்கு அஞ்சு கணக்கு வந்துச்சே! அஞ்சால வகுத்துட்டேன். சரிதானட்டி?"

"சரிதானுங்கக்கா."

மாதக்கணக்கில் அந்தத் தெம்பில் இருந்தார். முடிவு வந்தபோது எனக்கு வேலை கிடைத்தது. அவருக்கு ஒரே ஒரு கேள்வியில் தவறிப்போயிற்று. அன்று மாலையே அல்வா வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதை நான் தின்றேன்.

தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்து ஏழு வருடமாகிறது. மனுக்களில் எங்காவது விகிதம் தென்பட்டால் கை நின்றுவிடும், அவர் குரல் கேட்கும். போன வாரம் உண்மையிலேயே கேட்டது, போனில்.

மகளுக்கு ஆறாம் வகுப்பு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டாராம். "கூட்டிட்டுல்லா வகுக்கணுமாம்! அவ சொல்லித்தான் எனக்கே தெரியுது" என்று சிரித்தார். சிரிப்பு நின்றது. தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது.

"பாவம், நீயும் தப்பாத்தான் போட்டிருக்க, என்னட்டி? நல்லவேள, ஒனக்கு மத்தக் கேள்வி கைகுடுத்துட்டு."

"ஆமாங்கக்கா" என்றேன்.