கண்ணாடிக்குப் பின்னால் சாவி

கிரீஸ் அக்கா தொலைக்காட்சியில் வந்த அன்று வீட்டில் யாரும் சாப்பிட எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தைக் கட்டம் கட்டமாகக் கலைத்து, குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மாற்றியிருந்தார்கள். ஆனால் முழங்கை வரை கிரீஸ் கறை படிந்த அந்த நீலச் சட்டையை அக்கம்பக்கத்தில் வேறு யார் போடுகிறார்கள்?

"சாவி விமானத்துக்குள்ளதான் இருக்கும். எப்பவும் அப்படித்தான்" என்றது கிணற்றுக் குரல். உடனே டமாரென்று ஓர் இசை. நகரத்தின் வரைபடம் வந்தது, அதன்மேல் சிவப்பு வட்டங்கள். கீழே 'பறக்கும் வெடிகுண்டுகள்' என்று எழுத்து ஓடியது.

"ஏண்டி, நெஜமாவே சாவிய உள்ளயே விட்டுட்டா வர்றீங்க?" என்றான் கணவன்.

ஊரோரச் சின்ன விமானத் தளத்தில் அவள் மெக்கானிக்காகச் சேர்ந்த நாளிலிருந்து அதன் கதைகளைக் கேட்டுக்கொண்டே சட்டைக்குப் பொத்தான் தைத்தவன். அவள் சொன்னது எதுவும் அவன் காதில் நின்றதில்லை. பெட்டி சொன்னது ஒரு நிமிஷத்தில் நின்றுவிட்டது.

"அதுக்கப்புறம் நான் சொன்னத எங்க காணோம்?" என்றாள் அவள். திரையில் அப்போது ஒரு நிபுணர் வந்துவிட்டார். எதில் நிபுணர் என்று போடவில்லை.

அவள் சொன்னது இதுதான். நாயாவது கடிப்பதற்கு முன்னால் உறுமும். விமானத்தின் முன்விசிறிக்கு அந்த நாகரிகம் கிடையாது. காலையில் இஞ்சினுக்குள் எண்ணெய் இறுகிக் கிடக்கும். விசிறியைக் கையால் சில சுற்று சுற்றிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். அந்த நேரம் உள்ளே சாவியால் திருகும் சுவிட்ச் போட்டிருந்தால் விசிறி தானாக எகிறும். சுவிட்சை அணைத்தால்தான் சாவி வெளியே வரும். அதனால் பறந்துவிட்டு இறங்கும் பைலட் சாவியை உருவி, முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள திட்டில் வெளியே தெரியும்படி வைப்பான். விசிறியின் முன்னால் நிற்பவர் முதலில் சாவியைப் பார்ப்பார். சாவி தெரிந்தால் கை வைக்கலாம். தெரியாவிட்டால் கை வைக்கக் கூடாது. ஒரு தடவை பார்க்காமல் கை வைத்த பழைய மெக்கானிக்குக்கு இப்போது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. பஸ் நிலையத்தில் பத்திரிகை விற்கிறார். விமானம் நிற்கும் கொட்டகையை ராத்திரி பூட்டிவிடுகிறோம் என்பதையும் அவள் சொல்லியிருந்தாள். அதையும் காணோம்.

பேட்டி எடுக்க வந்த நிருபர் எவ்வளவு பதவிசாகப் பேசினான்! அக்கா, அக்கா என்று அவள் சாப்பாட்டு டப்பாவில் பாதியைத் தின்றான். கண்ணாடி துடைக்க அவள் துவைத்து வைத்திருந்த வெள்ளைத் துணியில் வாயைத் துடைத்துக்கொண்டான். அந்தத் துணியை அவள் அப்புறம் தொடவில்லை.

அவள் அப்பா வைத்திருந்தது மோட்டார் சைக்கிள் பட்டறை. அங்கே கற்ற கைதான். கணவனின் தம்பி பைலட் ஆகி, பயிர்களுக்கு மேல் மருந்து தெளிக்கும் விமானத்தை ஓட்ட ஆரம்பித்தபோது, "அண்ணி, எங்க மெக்கானிக் கை போயிடுச்சு. உங்களுக்கு ரெண்டு கையும் இருக்கே" என்று கூட்டிவந்தான். அவன் பேச்சு அப்படித்தான். அவன் விமானத்தின் விசிறியை அன்றிலிருந்து தினமும் அவள்தான் சுற்றுகிறாள்.

டிவியில் வந்த மறுநாள் அமைச்சர் தளத்துக்கு வந்தார். அவருடைய காரைவிட விமானம் எடை குறைவு. சென்ட் வாசனை பெட்ரோல் வாசனையையே அமுக்கியது.

"இதுல எத்தன பேரு போலாம்?"

"ஒருத்தர்தாங்க" என்றான் கொழுந்தன்.

"ஒருத்தர் போதுமே!" என்று அமைச்சர் அவனைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துச் சொன்னார். தளம் அன்றே மூடப்பட்டது.

தளத்துச் செயலாளர் முன்பு ஜவுளி வியாபாரம் செய்தவர். எந்தத் துணியையும் எந்த உடம்புக்கும் சரியென்று சொல்லி விற்றுப் பழகியவர். வீட்டுக்கே வந்துவிட்டார்.

"யாராவது ஒருத்தர் கவனக்குறைவுன்னு ஒத்துக்கிட்டா தளத்தத் தொறந்துடுவாங்கம்மா. சும்மா ஒரு வார்த்தை. வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"யாராவதுன்னா?"

"நீங்கதான ஏற்கெனவே டிவில வந்தது."

கொழுந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வயலெல்லாம் பூச்சி, அண்ணி. விவசாயிங்க போன் மேல போன். தளம் போச்சுன்னா நான் என்ன பஸ்ஸா ஓட்டறது? ஒரு வார்த்தைதான, சொல்லிடுங்களேன்."

கணவன், "சொன்னா வாய் வெந்துடுமா?" என்றான்.

அவள் ஒத்துக்கொண்டதை அதே நிருபர்தான் படம் பிடித்தான். "கொஞ்சம் தலை குனிஞ்சு சொல்லுங்கக்கா. கண்ணு லேசா கலங்கினா நல்லாருக்கும்."

"வெங்காயம் கொண்டாந்திருக்கியா?" என்றாள்.

அவன் சிரித்தான். மறுபடி சொல்லச் சொன்னான். 'சாவிய வெளியில தெரியற மாதிரி வச்சது என் தப்பு' என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். குழாயில் வாய் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும்போது ஒரு மடக்கு உள்ளே போய்விட்டால் இருக்குமே, அந்த ருசி வாயில் இருந்தது. வெளியே வந்து குழாயடியில் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள். போகவில்லை. அவர்கள்மேல் வந்த குமட்டல் பாதி, தன்மேல் வந்தது பாதி.

தளம் திறந்தது. கூடவே ஒரு காவலரும் புது விதிகளும் வந்தன. சாவி காவலரின் இரும்புப் பெட்டியில் இருக்கும். பைலட் சாவியோடு உள்ளே உட்காரும்வரை விமானத்தை யாரும் தொடக் கூடாது. சாவி எக்காரணம் கொண்டும் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படக் கூடாது.

முதல் நாள் காலை கொழுந்தன் சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். அவள் விசிறியின் முன்னால் போய் நின்றாள்.

"ம், சுத்துங்க அண்ணி."

"சாவி எங்க?"

"சுவிட்ச்சுலதான். ஆஃப்ல இருக்கு."

"எனக்குத் தெரியலையே."

"நான் சொல்றேன்ல?"

அவள் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"சரி, இந்தாங்க" என்று அவன் சாவியை உருவப் போனான். காவலர் ஓடிவந்தார்.

"சார், சார்! வெளிய காட்டக் கூடாது. ரூல்."

"யாருய்யா இங்க பாக்கறா?"

"நான் பாக்கறனே. என் வேலையே அதுதான சார்."

"எறங்கு" என்றாள் அவள். "நான் ஏறி உக்கார்றேன். நீ வந்து சுத்து."

காவலர் தலையைச் சொறிந்தார். "பைலட்தான உள்ள இருக்கணும்..."

"மெக்கானிக் இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. விமானத்துக்குள் மெக்கானிக் என்று ஓர் ஆள் ஏறுவாள் என்றே எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அவன் இறங்கினான். "விடியக்காலைலயே வம்பு" என்று முனகிக்கொண்டு முன்னால் போய்ச் சட்டைக் கையை மடித்தான். விசிறியைப் பிடிக்கக் கையைத் தூக்கினான். கண்ணாடி வழியாக அவள் கழுத்துக்கு மேலேதான் தெரிந்தது. இரண்டு கைகளையும் அவள் மடியில்தான் வைத்திருந்தாள். அது அவனுக்குத் தெரிய வழியில்லை.

"ஆஃப்தான அண்ணி?"

"நான் சொல்றேன்ல?"

அவன் சிரித்தான். கை விசிறிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. சிரிப்பும் நின்றது. கையை இறக்கிப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். மறுபடி தூக்கினான். மறுபடி இறக்கினான்.

"உங்கள நம்பாமயா அண்ணி... கை போக மாட்டேங்குது."

"எனக்கும் அப்படித்தான இருக்கும்? அன்னிக்குச் செவுத்தப் பாத்துட்டு நின்னியே."

அவன் பையில் போன் அடித்தது. வயல்காரர் யாராவது இருக்கும். எடுக்கவில்லை. "சார், நேரமாகுது, கெளம்புங்க" என்றார் காவலர்.

"செயலாளருக்குப் போன் போடு" என்றாள் அவள் உள்ளிருந்தபடியே. "அவரு வந்து சுத்தட்டும். அவருக்கு முடியலன்னா அமைச்சரக் கூட்டியாரட்டும். நான் எறங்க மாட்டேன்."

இருக்கையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். விசிறியின் முன்னால், அதைத் தொடாமல், கொழுந்தன் போனில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தான்.