வெள்ளை வேட்டிக்காரர்களும் ஞானாதிக்கம் சாமியாரும்

விரல்கள் அறுந்த பட்டிழையைத் தேடிப் பிடித்து, முறுக்கி, முடிச்சு தெரியாமல் சேர்த்தன. மறுபடி மிதி விழுந்தது. தறியில் ஒரு சாமியாரின் தாடி இழை இழையாக வளர்ந்துகொண்டிருந்தது.

நெய்தவர் ஆரணி முத்துவேல். கட்டக் காகிதத்தில் டிசைன் போட அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய புடவைகளைப் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றது. சேத்துப்பட்டு சாலையில் உள்ள கிறிஸ்தவக் கோயிலுக்கு நூற்றைம்பதாவது ஆண்டுத் திருவிழா. அதைக் கட்டிய ஞானாதிக்கம் சாமியாரின் உருவத்தைப் பட்டில் கேட்டு, இப்போது அங்கே இருக்கும் ஃபாதர் ஒரு ஃபோட்டோவும் நாலு பக்க வரலாறும் கொடுத்திருந்தார்.

1876-இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் ஞானாதிக்கம் அங்கே பங்குச் சாமியார். கஞ்சித் தொட்டி நிர்வாகமும் அவர் பொறுப்பு. ஒருநாள் நெசவாளர் சிலர் வெள்ளை வேட்டியோடு வரிசையில் நின்றார்கள். கையேந்தி நிற்கிற கூச்சத்தில், மிச்சமிருந்த ஒரே நல்ல துணியைக் கட்டி வந்திருந்தார்கள். வசதிக்காரர்கள் என்று நினைத்துச் சாமியார் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் அந்த வீடுகளில் ஒரு பெண் செத்துப்போனாள். ஞாயிறு பிரசங்கத்தில் அது தன் தப்பு என்று தன் வாயாலேயே சொன்னார். பிற்பாடு மறைமாவட்ட நிர்வாகியாக உயர்ந்த பிறகும், கஞ்சி ஊற்றும் நாளில் அகப்பையை அவர் வேறு யாரிடமும் கொடுத்ததில்லையாம்.

ஃபோட்டோவில் அவர் வலது கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிறார்.

துணியை அறுத்தெடுத்துப் புரட்டியதும் முத்துவேலின் மனைவி பரிமளா கேட்டாள்.

“இன்னாங்க, சாமியாரு இடது கையத் தூக்கிகினு நிக்கிறாரு?”

நல்ல பக்கம் கீழே இருக்கும்படி நெய்கிற தறி. அதனால் டிசைனைத் திருப்பிப் போட வேண்டும். கல்யாணப் புடவைகளில் பெயர் நெய்த பழக்கத்தால் சாமியாரின் பெயரை மட்டும் மறக்காமல் திருப்பியிருந்தார். உருவத்தைத் திருப்பவில்லை. முப்பது வருடமாகப் போட்டது மயிலும் அன்னமும். அவை எந்தப் பக்கம் பார்த்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

“உள்பக்கத்த வெளிய காட்டி மாட்டிட்டா?”

“பேரு திரும்பிக்கும்.”

“மூணு நாள்ல திருவிழா. யாரு கையப் பாத்துகினு இருக்கப்போறாங்க? ஜல்தியா குடுத்துட்டு வாங்க.”

“நீ பாத்துட்டியே.”

ஆனாலும் எடுத்துப் போனார். ஃபாதர் விரித்துப் பார்த்து, “முகம் அப்படியே வந்திருக்குங்க” என்றார். கையைக் கவனிக்கவில்லை. முத்துவேல் கும்பிட்டுவிட்டு வாசல் வரை வந்தார். செருப்பை மாட்டாமல் திரும்பினார்.

“ஃபாதர், கை மாறிப்போச்சுங்க. தப்பு என்னுது.”

ஃபாதர் மறுபடி விரித்துக் கையைப் பார்த்தார். “திருவிழா வரைக்கும் இருக்கட்டுமே. யாருக்கும் தெரியாது.”

“தெரிஞ்சிகினே மாட்ட வேணாங்க.”

சுருட்டி எடுத்துக்கொண்டார்.

திருவிழாவன்று பீடத்துக்குப் பக்கத்துச் சுவர் வெறுமையாக இருந்தது. கடைசி வரிசையில் தலைகுனிந்து நின்ற முத்துவேலின் காதருகே ஒருவர் சொன்னார்: “பட்டுல படம் வருதுன்னாங்க. ஆரணிக்காரன் அல்வா குடுத்துட்டான்போல.”

“நான்தாங்க அந்த ஆரணிக்காரன்” என்றார் முத்துவேல். “தப்பா நெய்துட்டேன். வேற நெய்யறேன்.”

அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு அந்த ஆள் நகர்ந்துகொண்டார்.

இருபத்திரண்டு நாள் கழித்து, விழாப் பந்தல் பிரித்து வெகுநாளான ஒரு காலையில், முத்துவேல் ஃபாதரின் மேசையில் புதிதாக நெய்த துணியை விரித்தார்.

“கையப் பாத்துட்டு வாங்கிக்கங்க ஃபாதர்.”

ஃபாதர் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.