அக்காவின் அரிஷ்ட பாட்டில்

கழுத்து வலிக்கு மாத்திரை கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், வாரத்துக்கு எத்தனை கிளாஸ் மது குடிப்பீர்கள் என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில், நான் வேலை பார்க்கும் லெஸ்டரில் இது சாப்பிட்டாச்சா என்பது மாதிரியான கேள்வி. காலையில் எழுந்ததும் குடிக்கத் தோன்றுமா, குடித்ததை மறைப்பீர்களா என்று நர்ஸ் அடுக்கிக்கொண்டே போனாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. "எங்கள் ஊரில் பெண்கள் குடிப்பதில்லை" என்றேன். "லவ்லி" என்று சிரித்துப் பூஜ்யம் போட்டுக்கொண்டாள். அத்தனைக்கும் ஆமாம் சொல்ல வேண்டியவள் விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கும் என் அக்கா என்பது, பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது எல்லாம் கண்ணெதிரேதான் நடந்தது. பூவே வைக்காதவள், பொழுது சாய்ந்தால் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டாள். வாயில் எந்நேரமும் கிராம்பு. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். அடுக்களையில் ஓர் அரிஷ்ட பாட்டில், எத்தனை நாள் குடித்தாலும் குறையாமல் இருந்தது. அதில் இருந்தது பிராந்தி என்று இப்போது புரிகிறது. அக்காவின் இளைய மகன் பிறந்தபோது, உடம்பு தேறட்டும் என்று அம்மாவே தினம் ஒரு மூடி பிராந்தி ஊற்றிக் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு அது மருந்து. அவனுக்கு இப்போது ஆறு வயது. நாங்களோ பூவைப் பார்த்து, அத்தான்மேல் புது ஆசை வந்துவிட்டது என்று கேலி செய்தோம். படித்த கழுதை நானும் சேர்ந்து சிரித்தேன்.

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"ஏட்டி, அவா குடிக்கான்னா சொல்லுத? வாயக் கழுவு. ஒடம்புக்கு முடியாம மருந்து குடிக்கா."

"ஆறு வருசமாவாம்மா பிள்ளை பெத்த மருந்து?"

"பைய பேசு. மாப்பிள்ளை வீட்டுல காதுல விழுந்தா அவள வாழ விடுவாகளா?"

அத்தான் குடித்துவிட்டு வந்தால் மோர் கரைத்துக் கொடுத்துப் படுக்கவைக்கிற வீடு அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன்.

பிறகு அக்காவையே வீடியோவில் கூப்பிட்டேன். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், யாருக்கும் தெரியாமல் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவளோ எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தனியா போவ முடியாதுட்டி. பஸ் ஏறுமுன்னாலயே திரும்பிருவேன். நீ வந்து கூட்டிட்டுப் போனா வாரேன்."

விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். முடிவு வருவதற்குள் இந்த நாட்டைவிட்டுக் கிளம்பினால் விண்ணப்பம் செல்லாது, வேலையும் போகும். இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "வாரேங்க்கா" என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை.

இப்போது தினம் காலையில், வேலைக்குக் கிளம்பிச் சீருடையோடு நின்றபடி கூப்பிடுகிறேன். அங்கே அவளும், நான் கூட்டிப்போக வந்துவிடுவேன் என்பதுபோல், சேலை மாற்றி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.