சுவரில் வைத்த கரிப்புள்ளிகள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் எனக்கென்று ஒரு வேலை தானாகவே வந்து சேர்ந்துவிட்டது. யார் எதைக் கேட்டாலும் நான் பதில் சொல்ல வேண்டும். கலெக்டர் பெரியவரா, ஜட்ஜு பெரியவரா? ஹூக்ளி ஆற்றில் தண்ணீர் ஏன் ஏறி ஏறி இறங்குகிறது? தெரிந்ததைச் சொல்லுவேன். தெரியாததையும், குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்லிவிடுவேன். ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

என்னைக் கல்கத்தாவுக்கு வரவழைத்துக் காலேஜில் சேர்த்தவர் என் அக்காளின் கணவர். அவரை மாமா என்றுதான் அழைப்பேன். கிதிர்பூர்த் துறைமுகத்தில் ஒரு கம்பெனிக் கிடங்கில் மேஸ்திரி. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருவிரலை வைப்பவர். ஆனால் கிடங்குக்குப் போனால், "எங்க வீட்ல ஒரு காலேஜே குடியிருக்குது" என்று சொல்லிக்கொள்வாராம். பவானிபூர்ச் சந்து ஒன்றில் இரண்டு அறைகள் எங்களுக்கு. அதில் வெளிச்சம் வரும் அறையை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

காலேஜில் எனக்கு மிகவும் பிடித்தது ரசாயனச் சோதனைச் சாலை. ஒரு காகிதப் பொட்டலத்தில் சிட்டிகை உப்பைக் கொடுத்து, இது என்னவென்று கண்டுபிடி என்பார்கள். பார்க்க எல்லாம் ஒரே வெள்ளை. பையன்கள் முகர்ந்து பார்த்து, பெயரை மனத்தில் முடிவு செய்துகொண்டு, அதை மெய்யாக்குவதற்காக முழுப்பொடியையும் திராவகத்தில் கொட்டிவிடுவார்கள். அது அந்த உப்பு இல்லையென்றால் அப்புறம் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. நான் எப்போதும் பாதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பேன். என் வகுப்பில் அப்படிச் செய்தவன் நான் ஒருவன்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

மழை ஓயும் காலத்தில் மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. முதல் இரண்டு நாள் கிடங்குக்கே போய் வந்தார். மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. எங்கள் சந்திலேயே ஆற்காட்டுப் பக்கத்துக் குமாஸ்தா ஒருவர் இருந்தார். நம்மவர்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் வருகிறவர். அன்றைக்கும் வந்தார், கையில் விளக்கெண்ணெய்ச் சீசாவோடு. காய்ச்சல் என்றால் முதலில் வயிற்றைக் கழுவ வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இதற்கு மாற்றுக் கருத்துக் கிடையாது.

"இது மலேரியாதான்," என்றார், வாசலில் நின்றபடியே. "இந்த ஊர்த் தண்ணிக்கு வேற என்னா வரும்? இப்ப எண்ணெயக் குடுங்க. நாளைக்குக் கொய்னா மாத்திரை."

அக்காள் சீசாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு தம்பி. என்னா காய்ச்சல் இது?"

வழக்கம்போலக் குரலை உயர்த்தி ஒன்றைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் மலேரியா என்ற சொல் இருந்தது. ஆனால் பாயில் கிடந்தவர் மாமா. என் கைக்குப் பொட்டலம் வந்தது போலவும், அதில் பாதியை எடுத்து வைக்க வழியில்லாதது போலவும் தோன்றிற்று.

"தெரியலக்கா," என்றேன்.

குமாஸ்தா சிரித்தார். "அதச் சொல்ல நம்ம பால்காரன் போதுமே தம்பி. காலேஜி எதுக்கு?"

அக்காள் சிரிக்கவில்லை. அவள் முகம் சுருங்கியதுதான் எனக்கு வலித்தது. நான் படித்தவன் என்பதை நம்பித்தான் அவள் அந்த ஊரில் தைரியமாக இருந்தாள். எண்ணெய் உள்ளே போனால் வெளியே எடுக்க முடியாது, பொறுத்துப் பார்த்தால் நாளைக்கும் கொடுக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். மலேரியாவாகவே இருந்தால் காத்திருப்பதும் ஆபத்து என்பது எனக்குத் தெரியும். அதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் சீசாவை மாடத்தில் வைத்தாள்.

என் பெஞ்சில் உட்காரும் வங்காளிப் பையனின் தகப்பனார் டாக்டர். நோயாளி ஒருவரைப் பார்க்க டாக்காவுக்கு ஸ்டீமரில் போயிருந்தார், வர நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே அக்காள் அழுதாள். ஆகவே அந்த வீட்டிலிருந்து காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக்குழாயை இரவல் வாங்கி வந்தேன். காலையிலும் மாலையிலும் மாமாவின் அக்குளில் வைத்துப் பார்த்து, பாய்க்கு மேலே சுவரில் அடுப்புக்கரியால் ஒரு புள்ளி வைப்பேன். சூடு ஏறினால் புள்ளி மேலே, இறங்கினால் கீழே.

குமாஸ்தா தினமும் வந்தார். தினமும் மலேரியா என்றார். அவர் கெட்டவர் அல்லர். மெய்யான அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் முடிவு செய்துவிட்டதனால் அவர் மாமாவின் முகத்தை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்ட நானோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கின் நடுவில் வெள்ளை படிந்திருந்தது. உடம்பு குளிர்ந்து நடுங்கவேயில்லை. வயிறு உப்பியிருந்தது. என் ஆயுளில் ஒரு மனிதரை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

புள்ளிகள் படிக்கட்டுப் போல ஏறின. காலையில் கொஞ்சம் இறங்கும், மாலையில் முந்தின நாளைவிட உயரும், ஒரு வேளைகூட முழுதாக விடாது. மலேரியாவைப் போல விட்டுவிட்டு வருகிற காய்ச்சலின் நடை இது இல்லை என்ற அளவுக்கு எனக்குப் பிடிபட்டது. அதற்கு மேல் தெரியவில்லை. அதையே அக்காளிடம் சொன்னேன். அவள், "சரி, பாரு," என்றாள். அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை.

டாக்டர் ஊர் திரும்பிய அன்றே வந்தார். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் சுவரைப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். பிறகு மாமாவின் வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்து, பேதிக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லவேளை என்றார். இது டைபாய்டு, குடலுக்குள் புண், நனைந்த காகிதம் மாதிரி இருக்கும் குடல், இந்த நிலையில் பேதி மருந்து கொடுத்திருந்தால் கிழிந்தே போயிருக்கலாம் என்று வங்காளியில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். வாசலில் நின்ற குமாஸ்தா மாடத்துச் சீசாவைப் பார்த்தார்.

"பொழச்சுக்குவாரான்னு கேளு," என்றாள் அக்காள்.

கேட்டேன். டாக்டர் இப்போது சொல்ல முடியாது என்றார், பார்லிக் கஞ்சியும் மோர்த்தெளிவும் தவிர ஒன்றும் கொடுக்காமல், புள்ளி வைப்பதை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். அக்காளுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. டாக்டரின் முகத்திலிருந்தும் பார்லி என்ற சொல்லிலிருந்தும் அவளுக்குப் புரிந்திருந்தது. கஞ்சிக்கு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

புள்ளிகள் ஏறின மாதிரியே மெல்ல இறங்கின. பாதி உடம்பாகி மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்த காலையில், தமக்கு என்ன மருந்து கொடுத்தோம் என்று கேட்டார். "ஒண்ணும் குடுக்கல. குடுக்க விடல இவன்," என்றாள் அக்காள். என்னைத் திட்டுகிற குரலில்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு எனக்குத்தான் முதலில் சோறு போட்டாள்.

குமாஸ்தா தம் பெண்ணுக்கு வந்த ஒரு வரனைப் பற்றி என்னிடம் பேச வந்தபோது, "தெரிஞ்சது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு, ரெண்டையும் சொல்லிடு தம்பி," என்றார். கேலியாக இல்லை.

ஊரில் பூஜைத் திருவிழா வருவதற்கு முன்னால் வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்க ஆள் அனுப்பினார். மாமா பாயை விட்டு எழுந்து, தள்ளாடியபடி போய், புள்ளிகளின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடு என்று அரைகுறை வங்காளியில் அந்த ஆளிடம் சொன்னார். அழுக்காகத் தெரியுமே என்று அவன் தயங்கினான்.

"தெரியட்டும்," என்றார் மாமா. "எங்க மச்சான் போட்டது."