குரோமியம் ஆறுதான் கொடுக்கும்

"ஸ்கூல்லேருந்து துரத்திட்டாங்கன்னு யார் சொன்னது? ஒரு பேரச் சொல்லு."

"எல்லாரும்தான்மா சொல்றாங்க" என்று எதிர்வீட்டுக்காரி இழுத்தாள்.

"எல்லாரும்னு ஒரு ஆள் கிடையாதுடி. என் மருமக தானா வெளிய வந்தா. கால் அவளுது, செருப்பு அவளுது."

"கணக்குல ஏதோ தகராறாமே?"

"கணக்குதான். ஆனா நீ நினைக்கிற கணக்கு இல்ல."

மாமியார் இப்படி மல்லுக்கு நிற்பது கெமிஸ்ட்ரி டீச்சரான அந்த மருமகளுக்காக. சமையல் சோடா டப்பா, குளியலறை கழுவும் புட்டி என்று எதில் ரசாயனப் பெயர் கண்ணில் பட்டாலும் விடமாட்டாள். பென்சிலை எடுத்து ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் ஆக்சிஜனேற்ற எண்ணை, அதாவது அந்த அணு எத்தனை எலக்ட்ரான் கொடுத்தது, எத்தனை வாங்கியது என்ற கணக்கை, ஏற்றிவிடுவாள். எல்லாம் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வரும்வரை அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியாது. கருகிய பாத்திரத்தைத் தேய்ப்பது மாமியார். "பூஜ்யம் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் திட்டவே ஆரம்பிப்பார்.

"என் தலையில என்ன போட்டிருக்க, பிளஸ்ஸா மைனஸா?" என்று புருஷன் ஒருநாள் சீண்டினான்.

"உங்களுக்கு ஜீரோங்க. எதோடயும் சேராம தனியா கிடக்கிற தனிமத்துக்கு அதுதான். டிவிய அணைச்சிட்டு வாங்க, மாத்திப் போடறேன்."

மாமியாருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் காது உண்டு. காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக் கேட்டு ஒன்று பிடிபட்டுவிட்டது. ஆக்சிஜன் அடுத்தவரிடம் எலக்ட்ரானை இரண்டிரண்டாகப் பிடுங்கும். இரண்டு ஆக்சிஜன்கள் தங்களுக்குள் கைகோத்துக்கொண்டால் மட்டும் ஆளுக்கு ஒன்றோடு அடங்கிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கைகோப்பைக் கவனிக்காமல் மருமகளே வகுப்பில் தப்பாகச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் போய் நின்றதும் முதல் பேச்சே, "நேத்து நான் சொன்னது தப்பு, அடிச்சிடுங்க" என்பதுதான். வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பதினொரு வருடம் கழித்து அதே தப்பு ஆண்டுத் தேர்வின் விடைக்குறிப்பில் வந்தது. எழுதியவர் தலைமை ஆசிரியர். ஒரு குரோமியமும் ஐந்து ஆக்சிஜனும் சேர்ந்த பொருளில் குரோமியத்தின் எண் என்ன என்பது கேள்வி; ஐயிரண்டு பத்து என்று போட்டுவிட்டார். அந்த ஐந்தில் நான்கு ஜோடி ஜோடியாகக் கைகோத்தவை. அவற்றுக்கு நான்கு, ஒற்றையாக நிற்பதற்கு இரண்டு, ஆக ஆறு. அவள் திருத்திய விடைத்தாள் கட்டில் இரண்டே பேர் ஆறு எழுதியிருந்தார்கள். அதில் ஒரு பெண் முப்பத்து நாலில் நின்றாள். இந்த ஒரு மார்க் விழுந்தால் பாஸ், இல்லையென்றால் அதே வகுப்பில் இன்னொரு வருடம்.

"எல்லா ரூம்லயும் பத்துக்குத்தான் மார்க் போட்டாச்சு. உங்களுக்கு மட்டும் என்ன டீச்சர்?" என்று திருத்தும் அறையில் தலைமை ஆசிரியர் கேட்டார்.

"சார், குரோமியத்துக்கிட்ட கொடுக்க இருக்கறதே ஆறுதான். மிச்சம் நாலு எங்கேருந்து வரும்?"

பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். தலைமை ஆசிரியரின் முகம் சிவந்தது.

"குறிப்புப்படி திருத்திக் கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

அவள் உட்கார்ந்தாள். இரண்டு தாள்களிலும் மார்க் போட்டாள். அந்தப் பெண்ணின் தாளில் முப்பத்தைந்து என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, பக்கத்தில் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள், என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள். எல்லோரும் பார்த்துத் திருத்துவதற்காகக் கரும்பலகையில் போட்டிருந்த பத்தை வெறும் உள்ளங்கையால் அழித்தாள். ஆறு என்று பெரிதாக எழுதினாள். சாக்பீசைத் தலைமை ஆசிரியரின் மேசையில், அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு நடந்தாள்.